ஜாதகத்தோடு போன போட்டோ

செருப்பைக் கழற்றாமல் மாடியேறி வந்தாள் கோமதி.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில், முதல் மாடியில் ஓர் அறை. அதுதான் என் ஸ்டுடியோ. ஒரு சுவரில் சாம்பல் நிறத் துணி, இரண்டு லைட், உட்கார ஒரு முக்காலி. மீதி இடத்தில் நானும் என் பாயும். வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அவள் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். படித்ததை நான் பார்த்தேன்.

போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். இன்டர்நெட்டில் என் ஸ்டுடியோவின் பக்கத்தில் நான் போட்டிருந்த படம்தான். இரண்டு போட்டோக்களை ஒட்டி ஒன்றாக்கியது. இடது பக்கம் கோமதி, மேலே மஞ்சள் எழுத்தில் ‘முன்’. வலது பக்கமும் கோமதி, மேலே ‘பின்’. இடது பக்கம் அவள் நிறத்தில் இருந்தாள். வலது பக்கம் நான் ஏற்றிய நிறத்தில் இருந்தாள்.

“இதுல முன்னுனு போட்டிருக்கீங்களே, அது யாரு?”

“நீதான்மா.”

“பின்னுனு போட்டிருக்கீங்களே, அது?”

லைட்டை அணைக்கலாம் என்று எழுந்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

வாராவாரம் எழுதும் இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே, இதை மட்டும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போன வாரம் கல்யாண மண்டபங்களில் நான் பட்ட அவமானங்களை எழுதியதைப் படித்துவிட்டுப் பலபேர் ‘பாவம் நீங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கூசியது. பட்டதை மட்டும் எழுதிக்கொண்டே போனால் எல்லோரும் நல்லவர்கள்தான். செய்ததையும் எழுத வேண்டும்.

ஒரு வருஷக் கெடு

எங்கள் ஊர், போளூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுவோம். படித்து முடித்து ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிதானமாக ஒரு கெடு வைத்தார்.

“ஒரு வருசம். அதுக்குள்ள கால் ஊனிட்டா உன் இஷ்டம். இல்லன்னா நாங்க காட்டற பையனக் கட்டிக்கணும். அப்பால ஒரு பேச்சு பேசக் கூடாது.”

அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவளுக்குக் கெடுவைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. போட்டோ வேலை என்றால் வெயிலில் நிற்கும் வேலை என்பதுதான் அவளுடைய ஆட்சேபணை. நான் கறுப்பு. அம்மாவைக் கொண்டு கறுப்பு. ஆனாலும் ‘வெயில்ல போகாத’ என்பதை ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு வருஷம் என்பது கேட்கும்போது நீளமாகத்தான் இருந்தது. செகண்ட் ஹேண்ட் கேமராவும் ஒரே ஒரு லென்ஸும் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத டவுனில், ‘நான் நன்றாகப் போட்டோ எடுப்பேன்’ என்று யாரிடம் போய்ச் சொல்வது? முதல் இரண்டு மாதம் அதிலேயே போயிற்று.

“சாப்பாடு எங்கம்மா போடறாங்க?”

விசிட்டிங் கார்டு அடித்தேன். ‘பெண் புகைப்படக் கலைஞர்’ என்று போடச் சொன்னேன். பிரஸ்காரர் அதைப் படித்துவிட்டு, “அப்போ பொம்பளைங்கள மட்டும்தான் எடுப்பீங்களா?” என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

மண்டப மேனேஜர்கள், பூக்கடை, ஜவுளிக்கடை, பியூட்டி பார்லர் என்று ஏறி இறங்கினேன். பௌர்ணமியன்று ஊரே மலை சுற்றுகிறதே, இதைவிடக் கூட்டம் எங்கே கிடைக்கும் என்று கிரிவலப் பாதையில் நின்று கார்டு கொடுத்தேன். வாங்காதவர்களே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப்பாடு எங்கம்மா போடறாங்க?” என்றார். அன்னதான டோக்கன் என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் கை நீட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பாதையில் என் பெயர் மிதிபட்டுக் கிடந்தது.

அடுத்தது இலவச வேலை. காதுகுத்து, சீமந்தம், கடைத் திறப்பு. எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “எடுத்துக் குடுங்க, உங்களுக்கும் விளம்பரம்தானே.” இந்த வாக்கியத்தை இன்றைக்குக் கேட்டாலும் பல்லைக் கடிக்கிறேன். விளம்பரம் யாருக்கு? கடைத் திறப்பில் நான் எடுத்த போட்டோவைப் பத்தடி ஃப்ளெக்ஸாக அடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினார்கள். மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கடைக்காரருடைய மச்சானின் முகத்தை வட்டமாகப் போட்டிருந்தார்கள்.

மண்டபத்துக்குப் போனால், “ஆம்பள யாரும் வரலியா?” என்பார்கள். நான்தான் என்றால், என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறானா என்று.

ஆனால் பெண் என்பதே ஓரிடத்தில் எனக்கு உதவியது. ஜாதகத்தோடு வைத்து அனுப்பும் போட்டோ. கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்களை ஸ்டுடியோவில் ஆண்கள் ‘தாடைய தூக்கு, தோள எறக்கு’ என்று சொல்வது பல அம்மாக்களுக்குப் பிடிக்கவில்லை. ‘பொம்பளப் புள்ள ஒண்ணு எடுக்குதாம்’ என்று ஒருவர் சொல்லி ஒருவராக வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்தான் கோமதியின் அம்மா.

மாநிறம்

கோமதியின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கோமதி, கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்தாள். திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்கு அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. பட்டா வராதவர், பென்ஷன் நின்றுபோனவர், பாதையை அடைத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார் கொண்டுவருபவர் எல்லாருடைய கதையையும் கேட்டு, அழகாகப் பத்தி பிரித்து அடித்துக் கொடுப்பாள்.

அம்மா தரகர் கொடுத்த படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தார். ‘நிறம்’ என்ற இடத்தில் ‘மாநிறம்’ என்று எழுதியிருந்தது. இந்த மாவட்டத்துத் தரகர்களுடைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு இருக்கும், மாநிறம் இருக்கும். கறுப்பு என்று ஒரு நிறம் இருப்பதாகவே அவர்களுக்குத் தகவல் இல்லை. நாங்களெல்லாம் எங்கே போனோம் என்று யாரும் கேட்பதில்லை.

முக்காலியில் உட்கார்ந்த கோமதி முதலில் விறைப்பாக இருந்தாள். லைட் ஒருமுறை தானாகவே பளிச்சென்று அடித்து நான் பதறிக் குதித்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை எடுத்தேன். அதுவரை நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல போட்டோ. கன்னத்தில் ஒளி விழுந்த இடம் எண்ணெய் தேய்த்துத் துடைத்த கல்சட்டி மாதிரி மின்னியது. சந்தோஷத்தில் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அம்மா கேமராவைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

“சோக்காத்தான் கீது. கலர் மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடும்மா.”

“இப்படியே நல்லா இருக்கே.”

“நல்லாத்தான் கீது, நான் இல்லைன்னா சொல்றேன்? பாக்கறவன் நம்ம கண்ணால பாப்பானா? ஜாஸ்தி ஏத்தாத. டவுட்டு வர்ற மாதிரி இருக்கக் கூடாது.”

கோமதி சுவரில் தொங்கிய துணியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் சரி என்றேன்.

எடிட்டிங்கில் அதற்கென்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டின் மேல் இருக்கிற புள்ளியை வலது பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். முகம் வெளுத்தால் கழுத்து காட்டிக்கொடுக்கும், கழுத்தைச் சரிசெய்தால் காது காட்டிக்கொடுக்கும். எல்லாம் முடித்துவிட்டேன் என்று காட்டினபோது அம்மாதான் கண்டுபிடித்தார். மடியில் கோத்திருந்த விரல்களை மறந்துவிட்டேன்.

“கை மட்டும் நம்ம வூட்டுக் கை மாதிரி கீது பாரு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கையையும் வெளுக்க வைத்தேன்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு அந்தப் போட்டோ ஒரு கவருக்குள் போயிற்று. அந்தக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா மலை சுற்றி வந்தார். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் கவரை வெளியே எடுத்துக் காட்டினாராம். என்னிடம் வந்து சொன்னார். அதற்கப்புறம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

உங்களை நீங்களே விற்பது எப்படி

அந்தச் சமயத்தில் நான் ராப்பகலாக வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு, தங்களைத் தாங்களே விற்பது எப்படி என்று சொல்லித் தருகிற வீடியோக்கள். ஒரு ஆள், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில், கண்ணை உருட்டிப் பேசுவான். நல்ல போட்டோவைப் போட்டால் யாரும் நிற்கமாட்டார்கள், மாற்றத்தைப் போட்டால்தான் நிற்பார்கள், அதனால் முன், பின் போடுங்கள் என்றான். அவன் ஏதோ உடம்பு இளைக்கிற பொடிக்கும் சுவருக்கு அடிக்கிற பெயின்டுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பான். எனக்கு அருள்வாக்கு மாதிரி இருந்தது.

கோமதியின் இரண்டு போட்டோக்களையும் ஒட்டினேன். ஏன் கோமதி? அவளுடையதுதான் நன்றாக வந்திருந்தது, வேறென்ன. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, அதனால் தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முகத்தை முழுசாகப் போட்டுவிட்டுப் பெயரைப் போடாமல் விட்டேனாம், என்ன பெருந்தன்மை! கீழே ஒரு வரி எழுதினேன்: ‘உங்கள் வீட்டுப் பெண்ணின் அழகை வெளியே கொண்டுவருகிறோம்.’ கொண்டுவருகிறோம் என்று பன்மை வேறு. இருந்தது நான் ஒருத்தி.

போட்டது முதல் போன் ஓயவில்லை. செய்யாறு, வந்தவாசி, செங்கம், போளூர் என்று எங்கெங்கிருந்தோ அம்மாக்கள் கூப்பிட்டார்கள். “அந்தக் கறுப்புப் பொண்ண வெளுப்பாக்கினீங்களே, அதே மாதிரி எங்க பொண்ணுக்கும் பண்ணணும்.” எட்டு மாதமாக எப்போதாவது ஒருவர் மட்டும் தட்டிய கதவு அது. நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, கால் ஊனிட்டேன்.”

“கெடு முடிய இன்னும் நாலு மாசம் கீது” என்றார். ஆனால் குரலில் சந்தோஷம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

செங்கம் ரோட்டு வெள்ளைக்காரி

இதையும் சொல்லிவிட வேண்டும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பகுதியில் ஒரு காபிக் கடையின் அறிவிப்புப் பலகையில் என் கார்டைக் குத்தி வைத்திருந்தேன். வாடகைக்கு ரூம், யோகா வகுப்பு, தொலைந்துபோன பூனை, இவற்றுக்கு நடுவில் நான். அதைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் கூப்பிட்டாள். மலை பின்னால் தெரிய ஒரு போட்டோ வேண்டும். போய் எடுத்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, தன் முகம் மாவு மாதிரி இருக்கிறதென்றும், கொஞ்சம் வெயில் பட்ட நிறமாக மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டாள். அதே எடிட்டிங், அதே கோடு. வலது பக்கம் தள்ளிக்கொண்டிருந்த புள்ளியை இடது பக்கம் தள்ளினேன். ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தது. அன்றைக்கு எனக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. தோழிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது வேறொன்று உறுத்துகிறது. அந்த வெள்ளைக்காரியின் படத்தையும் முன், பின் என்று போட்டிருக்கலாம். நல்ல சுவாரசியமாக இருந்திருக்கும். போடவில்லை. ஏனென்றால் அவளைக் கேட்காமல் போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டேன். வேண்டாம் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கோமதியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் நிறத்துப் பெண், என் மாதிரியே ஊரில் வளர்ந்த பெண், என் முன்னால் மனம் விட்டுச் சிரித்த பெண். அவளுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருப்பதாகவே நான் நினைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

“உங்க மூஞ்சியப் போடுங்க”

செருப்புக் காலோடு நின்றாளே, அங்கே வருகிறேன்.

மாப்பிள்ளையின் அக்காள் போனுக்கு அந்தப் படம் யார் மூலமாகவோ போயிருக்கிறது. கவரில் வந்த போட்டோவையும் என் பக்கத்தில் இருந்த ‘பின்’னையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்திலேயே ‘முன்’னும் இருக்கிறதே! தரகரைக் கூப்பிட்டு, ஏமாற்றுகிற குடும்பத்தில் எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கோமதியின் அம்மா கேசரிக்கு ரவை வாங்கி வைத்திருந்தாராம்.

கோமதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்த ஆளு வேணாம்னு சொன்னதுக்காக நான் வரல. அவன் போட்டும். கடையில மனு அடிக்க வர்றவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு போனப் பாக்கறாங்க. போனப் பாத்துட்டு மூஞ்சியப் பாக்கறாங்க. பட்டா மனு கொண்டாந்த ஒரு கெழவரு கேக்கறாரு, ‘ஏம்மா, நீ முன்னா பின்னா?’ன்னு.”

அப்போது நான் சொன்ன பதிலை மறைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். “கலர் ஏத்தச் சொன்னது உங்க அம்மாதானே” என்றேன்.

“ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினீங்க. அது ஒரு கவருக்குள்ள போச்சு. ஊருக்கே காட்டச் சொன்னாங்களா? ரிப்பேருக்கு வந்த மிக்ஸிய காட்டற மாதிரி, இப்பிடி வந்துச்சு, இப்பிடி ஆக்கிட்டேன்னு காட்டி வச்சிருக்கீங்க. நீங்க முன்னுனு போட்டீங்களே, அதாங்க்கா நானு. காலைல எழுந்து அதுக்குத்தான் பவுடர் போடறேன். அதுக்குத்தான் பொட்டு வைக்கறேன்.”

அவள் கண்முன்னாலேயே படத்தை என் பக்கத்திலிருந்து நீக்கினேன். அவசரத்தில் இரண்டு தரம் தப்பான இடத்தில் அழுத்தினேன்.

“எடுத்துட்டேன்மா. மன்னிச்சிடு.”

“நீங்க எடுத்துட்டீங்க. எங்க தெருவுல எல்லார் போன்லயும் கீது. அதையெல்லாம் யாரு எடுக்கறது?”

“நான் வேற இன்னா பண்ணணும், சொல்லு.”

சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உங்க மூஞ்சியப் போடுங்க. அதே மாதிரி. முன்னு, பின்னு.”

“என் மூஞ்சி எதுக்கும்மா?”

“ஏன், உங்களுக்கு மட்டும் வெளுத்தா கீது?”

கேமராவை அவளே எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அந்த லைட்டுகள் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனை பெண்களை அதில் உட்கார வைத்துத் தாடையைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறேன்! கோமதி என்னிடம் அதைச் சொல்லவில்லை. சிரிக்கச் சொல்லவும் இல்லை. மூன்று தரம் அழுத்திவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தாள்.

பிறகு எடிட்டிங். பின்னால் நின்றுகொண்டு பார்த்தாள். புள்ளியை வலது பக்கம் தள்ளினேன். என் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. காதைச் சரிசெய்தேன், கழுத்தைச் சரிசெய்தேன். கடைசியில் திரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மூக்கு, என் பல்வரிசை, என் சுடிதார். அழகாக இருந்தாள். என்னைவிட அழகாக இருக்கிறாளே என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காக எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீடியோக்காரன் மேல், ஆரணி அக்காள் மேல், மாநிறம் என்று எழுதுகிற தரகர்கள் மேல், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் திரும்பி நிற்கக் கற்றுக்கொண்ட என் மேல்.

“போடுங்க” என்றாள்.

போட்டேன். இடது பக்கம் ‘முன்’, வலது பக்கம் ‘பின்’. கீழே அதே வரி. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘இனிமேல் இங்கே யாருக்கும் நிறம் மாற்றித் தரப்படாது.’ யோசித்துச் செய்தேன், கொள்கையாகச் செய்தேன் என்றெல்லாம் இப்போது சொன்னால் அது பொய். கோபத்தில் எழுதினேன். எழுதின பிறகு அழிக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

கோமதி அதைப் படித்தாள். படியிறங்கிப் போனாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

ரெண்டாவது போட்டோ

சாயங்காலத்துக்குள் அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து வரவில்லை என்றார்கள். செய்யாற்று அம்மா ஒருவர் மட்டும், “எங்களுக்கு மட்டும் பண்ணிக் குடுங்க, வெளியில சொல்லமாட்டோம்” என்று கெஞ்சினார். முடியாது என்றேன். “அப்போ எதுக்குக் கடைய தொறந்து வச்சிருக்கீங்க?” என்று வைத்துவிட்டார். நியாயமான கேள்விதான். கால் ஊன்றிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாயில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய சாம்பல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். பொட்டப் புள்ளை தன் மூஞ்சியைத் தானே இப்படிப் போட்டுக்கொள்ளுமா என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிச் சொல்வதற்கு வரிசையாகப் பதில்கள்கூடத் தயார் செய்துவிட்டேன். ‘நீயும் கறுப்பு, நானும் கறுப்பு, அதுக்கு இன்னா இப்போ?’ என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

“ஏன்டி, உன் போட்டோ வந்துச்சு. சித்தி பொண்ணு போன்ல காட்டுச்சு.”

“சரி, அதுக்கு இன்னா இப்போ?”

“ரெண்டு போட்டோ ஒண்ணா ஒட்டிக்கினு கீதே. அதுல ரெண்டாவது மட்டும் தனியா அனுப்பு. தரகரு வந்து உக்காந்துக்கினு கீறாரு.”

வாயில் இருந்த நுரையைத் துப்பினேன்.

“அம்மா, கெடு முடிய இன்னும் நாலு மாசம் இருக்குது.”

“இருந்தா இருக்கட்டும். பாத்து வைக்கறதுல இன்னா தப்பு? அனுப்பு.”

“மொதல்ல இருக்கறதுதாம்மா நானு.”

“அது எனக்குத் தெரியாதா? பெத்தவ நானு. அதனாலதான் ரெண்டாவதக் கேக்கறேன்.”